ஒரே கதையை மூணு பெட்டியில் ஒட்டாதீங்க: வெளிநாட்டு மேற்படிப்புக் கட்டுரைகள் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

1/
இன்னிக்கு சுகர், பிரஷர் பத்தி இல்ல. நவம்பர்ல என் கிளினிக்கில் நடந்த ஒரு விஷயம். உங்க வீட்டில் யாராவது வெளிநாட்டில் எம்.எஸ்., எம்.பி.ஹெச்., பி.ஹெச்.டி.ன்னு விண்ணப்பம் போடுற வயசில் இருந்தா கடைசி வரை படிச்சிடுங்க. கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
அஞ்சுகிராமத்தில் சாயங்கால ஓ.பி. முடியுற நேரம். காத்தாடி கம்பெனியில் வாட்ச்மேனா இருக்கிற ஒரு அண்ணாச்சி பிரஷர் பார்க்க வந்தார். கூட அவர் மகள். நர்சிங் முடிச்சிட்டு நாகர்கோவிலில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் மூணு வருஷமா வேலை பார்க்கிற பொண்ணு. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

3/
பிரஷர் 150/90. "ராத்திரி உறக்கம் இல்ல சார்" என்றார். ஏன்னு கேட்டதுக்கு மகளைக் கை காட்டினார்.

"இவ வெளிநாட்டுல படிக்க எழுதிப் போடுதா. ஃபீஸ் எல்லாம் கட்டியாச்சு. கட்டுரை எழுதுனதுல என்னமோ கொழப்பம்ங்கா. எனக்கு அது ஒண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மாத்திரையை மாத்துறதுக்கு முன்னாடி அந்தக் கட்டுரையைப் பார்க்கணும்னு தோணிச்சு.

4/
பொண்ணு செல்போனை நீட்டினா. எம்.பி.ஹெச். படிப்புக்கான விண்ணப்பம், அதாவது பொது சுகாதாரத்தில் முதுகலை. ரெண்டு கட்டுரை கேட்டிருந்தாங்க. ஒண்ணு ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், நம்ம பசங்க எஸ்.ஓ.பி.ன்னு சொல்றது. இன்னொண்ணு பெர்சனல் ஸ்டேட்மென்ட்.

"சார், ரெண்டு கேள்வியும் ஒண்ணுதான? ஒண்ணுல 'இதை ஏன் படிக்கணும்'னு கேக்கான். இன்னொண்ணுல 'உன் வாழ்க்கை உன்னை எப்படி இங்க கொண்டு வந்துச்சு'ன்னு கேக்கான். எப்படி எழுதுனாலும் ஒரே பதில்தான் வருது."

5/
நியாயமான குழப்பம். நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்னு முழிச்சவன்தான். அதைப் பிறகு சொல்றேன்.

அவ கையில் இருந்தது ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டி வாங்கின மாதிரிக் கட்டுரையை வெச்சு எழுதினது. ரெண்டாவது கட்டுரை முதல் கட்டுரைக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. அதே கிராமம், அதே அப்பா, அதே கஷ்டம், அதே கனவு. வாக்கியங்களின் வரிசை மட்டும் மாறியிருந்தது.

6/
முதல் வரி: மனித உடல் எப்படி இயங்குகிறது என்பதில் சிறு வயதிலிருந்தே எனக்குத் தீராத ஆர்வம்.

இந்த வரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. அவளைப் பார்த்து இல்ல. இந்த வரிக்கு ஒரு வரலாறு இருக்கு.

7/
பிரிட்டனில் இளங்கலைச் சேர்க்கையை நடத்துற அமைப்பு யூகாஸ். 2007ல் சுமார் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளை மென்பொருளில் போட்டு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்த்த விவரம் வெளியானது.

மனித உடல் எப்படி இயங்குதுங்கிற ஆர்வம்: 370 கட்டுரையில்.
எட்டு வயசில் பைஜாமாவில் ஓட்டை விழுற மாதிரி தீப்பட்ட கதை: 234 கட்டுரையில்.
வயசான அல்லது உடம்பு முடியாத தாத்தா: 175 கட்டுரையில்.

8/
234 பேருக்கு ஒரே வயசில் ஒரே உடுப்பில் ஓட்டை விழுமா? இணையத்தில் இருந்த ஏதோ ஒரு மாதிரிக் கட்டுரையில் இருந்து எல்லாரும் எடுத்திருக்காங்க.

தாத்தா கதை நிஜமாவே பலருக்கு நடந்திருக்கும். ஆனா படிக்கிறவருக்கு அது 175ல் ஒண்ணு. உண்மையைச் சொல்லியும் கூட்டத்தில் காணாமப் போயிடலாம் என்பதுதான் இதில் எனக்கு வருத்தமான பகுதி.

9/
ரெண்டு கட்டுரையும் படிச்சு முடிச்சேன். ஒரு விஷயம் இடிச்சது.

"மக்ளே, மூணு வருஷமா டயாலிசிஸ்ல நிக்கியே. அது எங்க?"

"அது வேலைதான சார். அதுல என்ன எழுத?"

"அங்க உன்னை உறங்க விடாத விஷயம் ஏதாவது உண்டா?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. அப்புறம் சொன்னா.

10/
டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு ரெண்டு அல்லது மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வர்றவங்க சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆனாலும் கடற்கரை ஊர்களில் இருந்து வர்ற சிலர் அடிக்கடி ஒரு தடவை விட்டுடுவாங்களாம்.

விட்டா என்ன ஆகும்? உடம்பில் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும். ராத்திரி மூச்சு முட்டி எமர்ஜென்சிக்கு வருவாங்க. சில பேர் வந்து சேர மாட்டாங்க.

11/
"ஏன் வரலன்னு டாக்டர் திட்டுவாரு சார். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் தனியா கேப்பேன். கூட வாற ஆளுக்கு அன்னைக்கு கூலி போச்சு. காலை ஷிப்டுன்னா பஸ் கிடையாது, ஆட்டோவுக்கு காசு இல்ல. ஒரு 80 பக்க நோட்டுல எழுதி வெச்சேன். யாரு, என்னைக்கு வரல, என்ன காரணம்னு."

நோட்டு வெச்சு என்ன செஞ்சே?

"எங்க சிஸ்டர் இன்சார்ஜ்கிட்ட காட்டி, தூரத்து ஆளுங்க நாலு பேரை மதிய ஷிப்டுக்கு மாத்தினோம். அதுக்குப் பொறவு அந்த நாலு பேரும் விடுறது குறைஞ்சு போச்சு."

12/
நான் பேனாவைக் கீழே வெச்சுட்டேன்.

சிகிச்சை இலவசம், ஆனாலும் நோயாளி வர முடியலை. காரணம் சிறுநீரகத்தில் இல்ல, பஸ் நேரத்தில் இருக்கு. இதைக் கண்டுபிடிச்சு, எழுதி வெச்சு, ஒரு சின்ன மாற்றம் செஞ்சு, பலன் இருக்கான்னு பார்த்திருக்கா. பொது சுகாதாரம்னா இதுதான். ரெண்டு கட்டுரையில், கிட்டத்தட்ட 1,500 வார்த்தையில், இதில் ஒரு வரி கூட இல்ல.

13/
இப்போ அவ கேட்ட கேள்விக்கு வருவோம். ரெண்டு கேள்வியும் ஒண்ணா?

எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எங்களுக்குக் கேஸ் ஷீட் எழுதச் சொல்லித் தருவாங்க. அதில் தலைப்புகள் இருக்கும். இப்போ என்ன தொந்தரவு, அது எப்படி ஆரம்பிச்சது, முன்னாடி என்ன நோய் இருந்தது, குடும்பத்தில் யாருக்கு என்ன, சாப்பாடு தூக்கம் பழக்கவழக்கம் எப்படி, என்ன மருந்து எடுக்கிறார்.

14/
ஆறாத கால் புண்ணோட ஒருத்தர் வர்றார்னு வெச்சுக்கோங்க. சர்க்கரை நோய் இந்த எல்லாத் தலைப்பிலும் எட்டிப் பார்க்கும்.

இப்போதைய தொந்தரவில்: புண் ஏன் ஆறலை.
பழைய நோயில்: சுகர் வந்து 10 வருஷம்.
குடும்பத்தில்: அம்மாவுக்கும் இருந்தது.
பழக்கத்தில்: வெறும் காலோட வயலுக்குப் போவார்.
மருந்தில்: ரெண்டு மாசமா மாத்திரையை நிறுத்திட்டார்.

சொல் ஒண்ணு. தகவல் அஞ்சு.

15/
புது மாணவன் என்ன செய்வான் தெரியுமா? அஞ்சு தலைப்பிலும் "சர்க்கரை நோய் உள்ளது"ன்னு எழுதி வெச்சுடுவான். பேராசிரியர் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துடுவார். தப்பா எழுதினதால இல்ல. ஒரு தடவை சொன்னதுக்கு மேல புதுசா ஒண்ணும் இல்லைங்கிறதால.

விண்ணப்பக் கட்டுரையிலும் இதுதான் நடக்குது. கேள்விகள் உரசிக்கிட்டு நிக்கிறது உண்மை. ஆனா ஒவ்வொண்ணும் வேற தகவலைத் தேடுது.

16/
உதாரணத்துக்கு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். முதுகலை, முனைவர் படிப்புக்கு ரெண்டு கட்டுரை கேட்பாங்க. ஒண்ணு ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ். இன்னொண்ணின் பெயர் பெர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட். எங்க கேஸ் ஷீட்டில் இருக்கிற அதே பெயர்!

முதலாவது படிப்பைப் பத்தி: என்ன ஆராயப் போறே, என்ன தயாரிப்பு இருக்கு, ஏன் இந்தத் துறை.
ரெண்டாவது ஆளைப் பத்தி: குடும்பம், பொருளாதாரம், கிடைச்ச வாய்ப்பு, எதிர்கொண்ட தடை, இதெல்லாம் உன் முடிவை எப்படி வடிவமைச்சது.

ரெண்டாவது முதலாவதின் நகலா இருக்கக்கூடாதுன்னு பல பல்கலைக்கழகங்கள் வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கும். நாம அதைப் படிக்கிறதில்ல.

17/
பிரிட்டன் அரசு தர்ற செவனிங் உதவித்தொகையை எடுத்துக்கோங்க. நாலு கட்டுரை. தலைமைப் பண்பு, உறவுகளை உருவாக்குறது, ஏன் இந்தப் படிப்பு, எதிர்காலத் திட்டம்.

முதல் ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும். கடைசி ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும்.

18/
நான் பசங்களுக்குப் பிரிச்சுச் சொல்றது இப்படி:

தலைமை: நீ இருந்ததால மத்தவங்க வேலையில் என்ன மாறுச்சு?
உறவு: யார்கிட்ட எப்படிப் பேசி, அந்தத் தொடர்பை எப்படிக் காப்பாத்தினே, அவங்களுக்கு அதில் என்ன கிடைச்சது?
படிப்பு: உனக்கு இப்போ தெரியாதது எது, அது இந்தப் படிப்பில் எங்க இருக்கு?
எதிர்காலம்: திரும்பி வந்து எந்த வேலையில் உட்காரப் போறே? செவனிங்கில் படிப்பு முடிஞ்சதும் குறைஞ்சது ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பணும் என்பது நிபந்தனை. அதனால இந்தக் கேள்வி அவங்களுக்கு முக்கியம்.

19/
இப்போ எங்க மாவட்டத்து ஆள் ஒருத்தரை இந்த ஃபாரம் நிரப்ப வைப்போம். பிறப்பால் ஆங்கிலேயர், உழைப்பால் எங்க ஊர்க்காரர். டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். நெய்யூர் எல்.எம்.எஸ். ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை நிபுணர். திங்கள்சந்தை பக்கம் வயசானவங்க இன்னும் அந்தப் பேரைச் சொல்லுவாங்க.

20/
முதல் உலகப் போரில் பிரான்ஸில் ராணுவ மருத்துவர். 1916ல் சோம் சண்டையில் அடிபட்டவங்களுக்கு சிகிச்சை செஞ்சவர். 1922ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் ஒருத்தர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் 7 சுமைதூக்கிகள் இறந்தாங்க, அது அவர் மனசை ரொம்பப் பாதிச்சது. அதுக்கப்புறம் இந்தியாவைச் சுத்திப் பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துட்டு லண்டன் வேலையை விட்டுட்டு இங்கேயே வந்துட்டார். 1924ல் மறுபடி எவரெஸ்ட், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம கிட்டத்தட்ட 28,000 அடி. பிறகு பல வருஷம் நெய்யூர், கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் ஆசிரியர்.

21/
நம்ம கன்சல்டன்சிக்காரர் கையில் இந்த மனுசன் சிக்கினா என்ன நடக்கும்? நாலு கட்டுரையிலும் எவரெஸ்ட். "சிகரம் தொட்டவன் சேவை செய்ய வருகிறேன்." முடிஞ்சது. படிக்கிறவருக்கு மலை ஏறுற ஒருத்தர் ஞாபகம் இருப்பார், மருத்துவர் ஞாபகம் இருக்க மாட்டார்.

22/
பிரிச்சு எழுதினா எப்படி இருக்கும் பாருங்க.

ஏன் இந்தப் படிப்பு: தென் திருவிதாங்கூரில் வயித்துப் புண் நோயாளிகள் இவ்வளவு பேர் ஏன், எந்த அறுவை சிகிச்சை அவங்களுக்கு நல்லது. அவர் நிஜமாவே ஆயுசு முழுக்க வேலை பார்த்த விஷயம் அது.
உன் வாழ்க்கை: சோம் போர்க்களத்துக் கூடாரம்.
நீ கத்துக்கிட்ட கடினமான பாடம்: இறந்து போன அந்த 7 பேர்.
எதிர்காலம்: நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற கூட்டம்.

எவரெஸ்ட் உயரம் ஒரே ஒரு வரியில் வந்தா போதும். ஊர் உலகம் கை தட்டுற விஷயத்தை விட, உங்களைத் திசை திருப்பின விஷயம்தான் அதிகம் பேசும்.

23/
இனி என் கதை. பல வருஷம் முன்னாடி நானும் பொது சுகாதாரம் படிக்க ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டேன். மூணு கட்டுரை. எங்க அப்பா நெஞ்சு வலியில் ஆஸ்பத்திரி போற வழியில் இறந்தவர். அந்தப் பத்தியை மூணு பெட்டியிலும் ஒட்டினேன். அதுதான் என்கிட்ட இருந்த பெரிய விஷயம்னு நினைச்சேன்.

சீட் கிடைக்கலை. அதனாலதான் கிடைக்கலைன்னு சொல்ல மாட்டேன், மார்க்கும் பெருசா இல்ல.

24/
பிறகு, மாணவர் சேர்க்கைக் குழுவில் இருந்து பழக்கப்பட்ட ஒரு பேராசிரியர்கிட்ட அந்தக் கட்டுரைகளைக் காட்டினேன். நிதானமா மூணையும் படிச்சார்.

"அப்பா இறந்ததை மூணு தடவை படிச்சிட்டேன். முதல் தடவை எனக்கு வருத்தமா இருந்தது. மூணாவது தடவை நீ என்ன செய்யப் போறேன்னு தேட ஆரம்பிச்சிட்டேன். கிடைக்கலை" என்றார்.

ரெண்டு நாள் அவர் மேல கோபம் இருந்தது. அப்புறம் என் மேல.

25/
எங்க அப்பாவின் கடைசி ஒரு மணி நேரத்தை நான் பிட் நோட்டீஸ் மாதிரி எல்லாக் கதவிலும் ஒட்டியிருக்கேன். ஒரே இடத்தில், மரியாதையா, முழுசா சொல்லியிருக்கணும். மத்த ரெண்டு இடத்தில் அந்த மரணத்துக்கு அப்புறம் நான் என்ன செஞ்சேன்னு எழுதியிருக்கணும். அதை எழுத முடியலைன்னா நான் ஒண்ணும் செய்யலைன்னு அர்த்தம். அதுவே எனக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

26/
இனி செய்முறை. அந்தப் பொண்ணுக்குச் சொன்னதுதான்.

முதல்ல ஒரு வெள்ளைத் தாளில் உங்க வாழ்க்கையில் நடந்த 12 விஷயங்களை ஒவ்வொரு வரியா எழுதுங்க. ஆர்வம், கனவு, லட்சியம் எதுவும் வேண்டாம். யாருக்கு, எப்போ, என்ன நடந்தது, நீங்க என்ன செஞ்சீங்க. அவ்வளவுதான். தமிழில் எழுதுங்க. இங்கிலீஷ்ல யோசிச்சா மாதிரிக் கட்டுரை வாசம் தானா வந்துடும்.

27/
ரெண்டாவது, ஒவ்வொரு கேள்வியையும் வீட்டில் அம்மாவுக்கு விளக்குற மாதிரி ஒரே வரியில் மாத்துங்க. "இந்தப் பதிலை வெச்சு அவங்க என்ன முடிவெடுக்கப் போறாங்க?" இவனால படிப்பை முடிக்க முடியுமா என்பது ஒரு முடிவு. இவ வந்தா வகுப்பில் மத்தவங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது வேற முடிவு. உதவித்தொகை யாருக்குத் தரலாம் என்பது மூணாவது.

28/
மூணாவது, 12 விஷயத்தையும் பங்கு வைங்க. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சொந்த வீடு. மத்த கட்டுரைக்கு அது விருந்தாளியாப் போகலாம், ஒரே ஒரு வரி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடணும்.

அந்த ஒரு வரி ஏன் அவசியம்? சில இடங்களில் ஒரு கட்டுரையைத் துறைப் பேராசிரியர் படிப்பார், இன்னொண்ணை உதவித்தொகைக் குழு படிக்கும். அதனால ஒவ்வொரு கட்டுரையும் தனியா நின்னாலும் ஆள் யார்னு புரியணும்.

29/
"சார், என்கிட்ட ஒரே ஒரு பெரிய சம்பவம்தான் இருக்கு"ன்னு சில பேர் சொல்வாங்க. பரவாயில்ல. அதையே பிரிக்கலாம்.

டயாலிசிஸ் நோட்டையே பாருங்க. இலவச சிகிச்சைக்கும் ஏன் வர முடியலைங்கிற கேள்வி எஸ்.ஓ.பி.க்கு. இன்சார்ஜ் சிஸ்டரைச் சம்மதிக்க வெச்சு ஷிப்ட் மாத்தினது தலைமைக் கட்டுரைக்கு. அப்பாவுக்கு ராத்திரி காவல் வேலை, கடைசி பஸ்ஸை விட்டுட்டு நடந்து வந்த நாட்கள், அதனாலதான் பஸ் இல்லாத கஷ்டம் அவ கண்ணுக்குத் தெரிஞ்சது. அது பெர்சனல் ஸ்டேட்மென்டுக்கு.

30/
நாலாவது, எல்லாக் கட்டுரையையும் பிரிண்ட் எடுத்து ஒரே உட்காரலில் படிங்க. அவங்களும் அப்படித்தான் பெரும்பாலும் படிப்பாங்க. ரெண்டாவது தடவை வர்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் சிவப்பு மையில் அடிங்க. அடிச்ச இடத்தில் என்ன போடுறதுன்னு தெரியலைன்னா மறுபடி 12 வரித் தாளுக்குப் போங்க.

வேற வேற பல்கலைக்கழகத்துக்கு ஒரே கட்டுரையைத் திருத்திப் போடலாமா? தாராளமா. எல்லாரும் செய்றதுதான். ஆனா ஒரு பல்கலைக்கழகத்தின் பேரை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிடாதீங்க.

31/
முக்கியமான ஒண்ணு. விருப்பம் இருந்தா எழுதலாம்னு போட்டிருக்கிற கேள்விக்கு எழுதியே ஆகணும்னு இல்ல.

அமெரிக்காவில் ரெசிடென்சிக்குப் போற நம்ம எம்.பி.பி.எஸ். பசங்க ஈராஸ் வழியா விண்ணப்பிப்பாங்க. அதில் பெர்சனல் ஸ்டேட்மென்ட் தனி. அனுபவங்கள் 10 வரை, அதில் முக்கியமானது 3. இதுபோக வாழ்க்கையில் பெரிய தடையைத் தாண்டி வந்தவங்களுக்குன்னு ஒரு கேள்வி உண்டு, அது கட்டாயம் இல்ல. அந்தப் பெட்டி காலியா இருக்கேன்னு சாதாரண கஷ்டத்தைப் பெருசாக்கி அழுகை எழுதுறவங்களைப் பார்த்திருக்கேன். வேண்டாம். காலியா விட்டா குறைச்சல் இல்ல.

32/
வறுமை இருந்தா எழுதுங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா அதை விற்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க. அந்தப் பொண்ணின் பழைய கட்டுரையில் "என் தந்தை படிக்காத ஏழைக் காவலாளி"ன்னு இருந்தது. கன்சல்டன்சி சேர்த்த வரி. அண்ணாச்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவ அந்த வரியை எனக்கு வாசிச்சுக் காட்டாம தாண்டிப் போனா. அப்பா முன்னாடி வாசிக்க முடியாத வரியை உலகத்துக்கு ஏன் அனுப்பணும்?

33/
கன்சல்டன்சி எல்லாரும் மோசம்னு சொல்ல வரலை. விசா, பேங்க் பேப்பர் வேலைக்கு நல்ல ஆட்கள் இருக்காங்க. ஆனா மாணவரைச் சேர்த்துவிட்டா பல ஏஜென்சிகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்து கமிஷன் வரும். அவங்களுக்கு வேகம் முக்கியம். உங்க 12 வரியை உட்கார்ந்து கேட்க அவங்களுக்கு நேரம் இருக்காது.

ஏ.ஐ.கிட்ட எழுதச் சொன்னாலும் இதே பிரச்சினைதான். இலக்கணம் திருத்த உதவும். டயாலிசிஸ் நோட்டு உங்க பையில் இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

34/
ஏன் நம்ம பிள்ளைகளுக்கு இது இவ்வளவு கஷ்டம்? யோசிச்சுப் பாருங்க. ஒண்ணாம் கிளாஸில் இருந்து டிகிரி வரை "நான்"ன்னு ஆரம்பிச்சு நாம எழுதினது ஒண்ணே ஒண்ணுதான். லீவ் லெட்டர். ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். அதுவும் 40 பேருக்கும் ஒரே வாசகம். காய்ச்சல் இல்லாதவனும் அதைத்தான் எழுதுவான்.

பதினஞ்சு வருஷம் இப்படிப் பழக்கிட்டு, 22 வயசில் திடீர்னு "நீ யார், ஏன் வந்தே"ன்னு நாலு கட்டுரை கேட்டா மாதிரிக் கட்டுரையைத் தேடாம என்ன செய்வாங்க?

35/
கேட்கிறவங்க மேலயும் எனக்குக் குறை உண்டு. கேள்விகளைத் தெளிவா வெச்சா பாதிக் குழப்பம் போயிடும். யூகாஸ் 2026 சேர்க்கையில் இருந்து அதைச் செஞ்சிருக்கு. பழைய ஒரே நீளக் கட்டுரையை மூணு கேள்வியாப் பிரிச்சிருக்காங்க: ஏன் இந்தப் படிப்பு, உன் படிப்பு உன்னை எப்படித் தயார் பண்ணிச்சு, படிப்புக்கு வெளியே என்ன செஞ்சே. மொத்தம் 4,000 எழுத்துகள்.

பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்கு சீனியர் இருப்பாங்க, அங்க படிச்ச மாமா இருப்பார். சொல்லாத விதிகள் அவங்களுக்குத் தானா தெரியும். எங்க ஊர்ப் பிள்ளைக்கு அதை எழுதி வெச்சாதான் தெரியும்.

36/
"இதெல்லாம் யாரு சார் படிக்கா, மார்க்தான பாப்பான்?" இது அண்ணாச்சி கேட்டது. சரியான கேள்வி. மார்க், பரிந்துரைக் கடிதம், பணம் இதெல்லாம் இல்லாம கட்டுரை மட்டும் யாரையும் கொண்டு போய் சேர்க்காது. ஆனா ஒரே மாதிரி மார்க்கோட நிறைய பேர் நிக்கும்போது, ஒருத்தரை இன்னொருத்தர்கிட்ட இருந்து பிரிச்சுக் காட்ட கட்டுரை உதவும். அந்த இடத்தில் 371ஆவது ஆளா நிக்க வேண்டாம்.

37/
அந்தப் பொண்ணு ரெண்டு வாரம் கழிச்சு வந்தா. எஸ்.ஓ.பி. இப்படி ஆரம்பிக்குது: எங்கள் யூனிட்டில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் சில நாட்களில் மூன்று நாற்காலிகள் காலியாக இருக்கும்.

நான் ஒரு எழுத்துக் கூட மாத்தலை. ரெண்டாவது கட்டுரையில் அப்பா வர்றார், ராத்திரி டார்ச்சோட காத்தாடிக்கு அடியில் நிக்கிற மனுசனா. ஏழைங்கிற வார்த்தை இல்ல. அதை அவருக்குத் தமிழில் வாசிச்சுக் காட்டியிருக்கா.

38/
சீட் கிடைச்சுதான்னு கேப்பீங்க. தெரியாது. டிசம்பர்லதான் அனுப்பினா, பதில் வர இன்னும் நாள் இருக்கு. கிடைக்கலைன்னாலும் அந்த நோட்டை வெச்சு இங்கேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்குன்னு சொல்லியிருக்கேன். ஷிப்ட் மாத்த அமெரிக்கா போக வேண்டாம்.

அண்ணாச்சிக்கு பிரஷர் 138/86. மாத்திரை அதேதான்.

39/
எங்க சுத்துவட்டாரத்தில் யாராவது இந்த மாதிரிக் கட்டுரையோட முழிச்சுக்கிட்டிருந்தா ஞாயித்துக்கிழமை காலையில் கிளினிக்குக்கு வாங்க. ஓ.பி. இல்லாத நேரம். மாதிரிக் கட்டுரை கொண்டு வராதீங்க. ஒரு வெள்ளைத் தாளில் 12 வரி எழுதிட்டு வாங்க, அது போதும்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை அவங்க கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. மார்க் போட வேண்டாம். படிச்சாப் போதும்.


ஒரு பொதுநல மருத்துவர், அஞ்சுகிராமம்